முப்பத்தொன்றாவது வாரம்

அலமாரியின் மூன்று தட்டுகளையும் கலைத்துப் பார்த்துவிட்டாள். ஒரு நல்ல சட்டை அகப்படவில்லை. காலர் நைந்தவை, பொத்தான் போனவை, போதாக்குறைக்கு முதுகில் கம்பெனி பெயர் அச்சடித்த சாம்பல் நிறச் சட்டைகள் ஆறு. லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷமாகியும் அப்பா அவற்றை விட்டபாடில்லை. உயிரோடு இருந்தபோது அந்தக் கம்பெனிக்கு உழைத்தது போதாதா, போகும்போதும் அதன் விளம்பரத்தை முதுகில் சுமந்துகொண்டு போகவேண்டுமா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

வெளியே கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். நேற்று மத்தியானம் கடைக்குப் போய்விட்டு வந்தவர், வாசலருகே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றியிருக்கிறார். இரண்டாவதைக் கழற்றவில்லை. அம்மா உள்ளேயிருந்து, "என்ன, அங்கேயே உக்காந்துட்டீங்க?" என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறாள்.

"அம்மா, அந்த நீலக் கோடு போட்ட சட்டை எங்க இருக்கு?"

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தலையணை உறையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "பெட்டியில."

"எந்தப் பெட்டியில?"

"எந்தப் பெட்டின்னா? ஊருக்குப் போற பெட்டியிலதான். சனிக்கிழமை நம்ம வாரம் ஆரம்பிக்குதுல்ல."

அவள் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். பழுப்பு நிறப் பெட்டி, பூட்டி, பெல்ட் கட்டித் தயாராக இருந்தது. இழுத்துத் திறந்தாள். அப்பாவின் நல்ல சட்டைகள் நாலும் அதில்தான் இருந்தன. அம்மாவின் கம்பளிச் சட்டை, இரண்டு மழைக்கோட்டு, சீட்டுக்கட்டு, மாத்திரை டப்பா, ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் பை.

"எப்ப அடுக்கினே?"

"போன வாரமே. அவர்தான் மழைக்கோட்டைத் தூசி தட்டிக் கொண்டுவந்து கொடுத்தாரு."

ஆக, அப்பா சொல்லவில்லை. 'அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்' என்று மே மாதம் சொன்ன மனிதர், இரண்டு மாதமாக வாயைத் திறக்கவேயில்லை. அந்த வாரம் இப்போது அவர்களுடையது இல்லை என்பது இந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்த இன்னொருவர் கூடத்தில் படுத்திருந்தார்.

சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். இஸ்திரி போடவே தேவையிருக்கவில்லை, அவ்வளவு ஒழுங்காக மடித்திருந்தாள் அம்மா.

அந்த வாரத்தின் கதை இருபத்தேழு வருஷத்துக்கு முந்தியது. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. ஏதோ கண்காட்சிக்குப் போனபோது, அப்பா ஒரு சீட்டில் பெயரையும் போன் நம்பரையும் எழுதிப் பெட்டியில் போட்டார். பத்தாவது நாள் போன் வந்தது. குலுக்கலில் உங்களுக்குக் குக்கர் விழுந்திருக்கிறது, குடும்பத்தோடு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். போனார்கள். பெரிய ஹோட்டலில் ஜில்லென்ற ஒரு ஹால். டை கட்டிய ஓர் இளைஞன் நாலு மணி நேரம் விடாமல் பேசினான். மலைமேல் ஒரு விடுதி, அதில் ஓர் அறை, வருஷத்தில் ஒரு வாரத்துக்கு மட்டும் அது நமக்கே நமக்கு. மிச்சம் ஐம்பத்தொரு வாரத்துக்கு வேறு ஐம்பத்தொரு சொந்தக்காரர்கள். நாற்பது வருஷத்துக்குக் கவலையே இல்லை என்றான். நீச்சல் குளத்தின் படத்தைக் காட்டினான், நீல வானத்தைக் காட்டினான். குக்கரை மட்டும் கடைசிவரை காட்டவில்லை.

"வருஷத்துக்கு அம்பத்திரண்டு வாரம் சார். உங்களுக்கு எந்த வாரம் வேணும்?"

அப்பா யோசிக்கவேயில்லை. "முப்பத்தொண்ணு" என்றார்.

அவர் மனதில் இருந்தது டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி வருகிற வாரம். வருஷக் கடைசி ராத்திரி ஊரே ஆட்டம் போடும்போது, எந்தக் கட்டடத்திலாவது எட்டுப் பேர் ஏறவேண்டிய லிஃப்டில் பதினாலு பேர் ஏறி நடுவில் தொங்கிக்கொண்டிருப்பார்கள். அப்பாவுக்கு அழைப்பு வந்துவிடும். கல்யாணமானதிலிருந்து ஒரு புதுவருஷத்துக்குக்கூட அவர் வீட்டில் இருந்ததில்லை. அந்த ஒரு வாரத்தையாவது எவனும் கூப்பிட முடியாத மலை உச்சியில் பெண்டாட்டி பிள்ளையோடு கழிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. இளைஞனுக்கு இதெல்லாம் எதற்கு? விலைபோகாத வாரங்களைத் தள்ளிவிடத்தானே அவனை அனுப்பியிருக்கிறார்கள். வருஷத்தின் முப்பத்தொன்றாவது வாரம் என்று மளமளவென்று எழுதி, பேனாவை அப்பா கையில் திணித்துவிட்டான். அப்பாவும் எண்ணைச் சரிபார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். முப்பத்தொன்று என்று தெளிவாகத்தானே எழுதியிருந்தது.

அந்த டிசம்பரில் மூன்று பேரும் இரண்டு பஸ் மாறி மலையேறினார்கள். அவளுக்குச் சிவப்பில் புது பூட்ஸ். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் பெரிய நோட்டை முன்னும் பின்னும் புரட்டினாள்.

"உங்க வாரம் ஆகஸ்ட்லயே முடிஞ்சுபோச்சே சார்."

இடமில்லை. ஒரு கப் டீ மட்டும் இனாமாகக் கொடுத்தார்கள். அப்பா அதைக் குடித்துவிட்டு, "பரவாயில்ல, காத்து நல்லா இருக்கு" என்றார். திரும்பும் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்ததால், விடுதி லிஃப்டில் ஏதோ சத்தம் வருகிறது என்று ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கி அதையும் சரிசெய்து கொடுத்தார். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. தலையில் மிளகாய் அரைத்தவனுக்கே ஓசியில் ரிப்பேர் பார்த்துக் கொடுக்கும் அப்பா அவளுக்கு அன்றைக்குப் பிடிக்காமல் போனார். முழுதாகப் பிடிக்க அப்புறம் வெகுகாலம் பிடித்தது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் அந்த மலையில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டும். நீச்சல் குளத்தை மூடியிருப்பார்கள். துணி காயாது. ஏழு வருஷம் போய்ப் பார்த்தாள். பதினாறு வயதில், இனிமேல் நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் இருபது வருஷம் அவர்கள் இரண்டு பேரும்தான் போய்வந்தார்கள். என்னத்துக்கு என்று அவள் கேட்டதில்லை. போட்ட பணத்துக்காகப் போகிறார்கள் என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

அவள் வேலை வக்கீல் ஆபீசில். ஒப்பந்தங்களை வரிவரியாகப் படித்து ஓட்டை கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. ஊரார் ஒப்பந்தங்களையெல்லாம் படித்தவள், அப்பாவின் ஒப்பந்தத்தை இந்த மே மாதம்தான் எடுத்துப் படித்தாள். படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. பராமரிப்புக் கட்டணத்தை வருஷாவருஷம் அவர்கள் இஷ்டத்துக்கு ஏற்றலாம். விற்கலாம், ஆனால் வாங்க ஆள் கிடையாது. உடையவர் இறந்துபோனால் வாரிசு தொடர வேண்டும். ஒரே ஒரு பொந்து இருந்தது. எழுபது வயது தாண்டி, இதயத்துக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்கள், மே முடிவதற்குள் எழுதிக் கொடுத்தால் விட்டுவிடலாம். அப்பாவுக்கு எழுபத்திரண்டு. போன வருஷம்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அவளுக்கு ஏதோ கேஸ் ஜெயித்த மாதிரி இருந்தது.

"இது சரண்டர் ஃபாரம்ப்பா. கீழ ரெண்டு எடத்துல கையெழுத்துப் போடுங்க."

"சரண்டரா?" அப்பா கண்ணாடியைத் தேடினார். "வேலையில இருந்தவரைக்கும் வருஷாவருஷம் லீவைத்தான் சரண்டர் பண்ணிட்டிருந்தேன். இந்த ஒரு வாரத்தைத்தான் விட்டு வெச்சிருந்தேன்."

"விளையாடாதீங்கப்பா. இன்னும் பதிமூணு வருஷம் இருக்கு. நீங்க போனப்புறம் இது என் தலையிலதான் விழும். நான்தான் இதோட மாரடிக்கணும்."

நீங்க போனப்புறம். வாய் கூசாமல் சொன்னாள். ஆபீசில் நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற வார்த்தை அது, நாக்கில் பழகிப்போயிருந்தது. அப்பா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்று இரண்டு இடத்திலும் போட்டார். "இந்த வருஷமே கிடையாதா?" என்று மட்டும் கேட்டார்.

"கிடையாது. இந்த வருஷத்துலேந்தே நமக்கு விடுதலை."

"சரி. அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

ஜூன் மாதம், ஏற்றுக்கொண்டோம் என்று கம்பெனியிலிருந்து பதில் வந்தது. அதை ஃபைலில் போட்டு மறந்துபோனாள்.

நேற்றுச் சாயங்காலம் எல்லாருக்கும் தகவல் சொல்லும்போது அம்மா, "அவர் போன்ல முப்பத்தொண்ணுன்னு ஒரு குரூப் இருக்கும், அதுலயும் சொல்லிடு" என்றிருந்தாள். அவள் இரண்டு வரி எழுதி அனுப்பினாள். அடுத்த நிமிஷம் போன் அதிர ஆரம்பித்து, ராத்திரிவரை நிற்கவில்லை. எடுத்துப் படிக்க அவளுக்குத் தெம்பில்லை.

காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கூரைமேல் மூட்டை முடிச்சு, அதன்மேல் நீலத் தார்ப்பாய். மூன்று பேர் இறங்கினார்கள். தடித்த கண்ணாடி போட்ட ஒருவர், அவர் மனைவி, வெள்ளைத் தலையைக் கிராப் வெட்டிய ஒரு பெண்மணி. வெளியே வெயில் சுள்ளென்று அடிக்க, மூன்று பேர் கையிலும் குடை. மலைக்கு இன்றைக்கே புறப்பட்டு வழியில் தங்கிப் போவதாக இருந்தவர்கள், அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருந்தார்கள்.

அப்பாவின் தங்கை, அவளுடைய அத்தை, காதருகில் வந்தாள். "யாருடி இவங்க? சாவு வீட்டுக்கு டூருக்குப் போற மாதிரி வந்திருக்காங்க?"

அவளுக்குத் தெரியவில்லை. அவள் போய்க்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் யாரும் இல்லை. ஆனால் கண்ணாடி போட்டவரின் குண்டு மனைவி விறுவிறுவென்று உள்ளே வந்து, "அக்கா" என்று அம்மாவின் தோளைத் தொட்டதும், நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அம்மா அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். சொந்த மகள் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். பொறாமையாக இருந்தது. இந்த நேரத்தில் இப்படி ஒரு பொறாமையா என்று வெட்கமாகவும் இருந்தது.

கண்ணாடி போட்டவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வெள்ளைத் தலைப் பெண்மணி டைப்பிங் டீச்சராக இருந்தவர், தனிக்கட்டை. மூன்று பேரும் முப்பத்தொன்றாவது வாரக்காரர்கள்.

மத்தியானம் தகனக் கூடத்தில் காத்திருக்க வேண்டியிருந்தது. முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். சுவரோரம் சிமெண்ட் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தபோது கண்ணாடிக் கடைக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

"உங்களுக்கு எங்களைத் தெரியாதும்மா. எங்களுக்கு உங்களை நல்லாத் தெரியும். அக்ரிமென்ட் படிக்கிறதுல எம்பொண்ணு புலின்னு அண்ணன் சொல்லாத வருஷமே கிடையாது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாங்க எல்லாருமே ஏமாந்த கேஸுங்கதான்மா. எங்கிட்ட ரூமுக்கு மலைக் காட்சி உண்டுன்னு வித்தான். போய்ப் பார்த்தா காட்சியே மழை மட்டும்தான். டீச்சருக்கு அமைதியான சீசன்னு சொல்லி வித்திருக்கான். பின்ன? வேற எவன் வருவான் அந்த மழையில? முதல் நாள் சாயங்காலம் சுத்தி உக்காந்துக்கிட்டு, யார் எப்படி ஏமாந்தாங்கன்னு கதை சொல்லுவோம். வருஷாவருஷம் அதே கதைதான். ஆனா அண்ணனோட டிசம்பர் கதைக்குத்தான் எப்பவும் முதல் பரிசு. அந்த வரவேற்புப் பொண்ணு நோட்டைப் புரட்டின மாதிரியே புரட்டிக் காட்டுவாரு. நாங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு விழுவோம். அப்புறம் உங்களைப் பத்தி ஒண்ணு சொல்லுவாரு. அதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டாரு."

"என்ன சொல்லுவாரு?"

"எம்பொண்ணு சிவப்பு பூட்ஸ் போட்டுக்கிட்டு ஒண்ணும் கேக்காம நின்னா, அழுதிருந்தாக்கூடத் தேவலை அப்படீம்பாரு."

உள்ளே ஒரு கதவு திறந்து மூடியது. முன்னால் இருந்த குடும்பம் எழுந்து போயிற்று. கண்ணாடிக்காரர் தயங்கிவிட்டு மறுபடி ஆரம்பித்தார்.

"ஒண்ணு கேக்கணும். உங்க ரூம் ரிப்பேர் முடிஞ்சுதா?"

"ரிப்பேரா?"

"உங்களுக்கும் சொல்லலையா? போன மாசம் எனக்கு போன் பண்ணாரு. எங்க ரூம்ல சுவர் ஒழுகுது, இந்த வருஷம் தரமாட்டேங்கிறான், அங்க உங்க ரூம் ஹால்ல ஒரு சோபா இருக்கே, அதைப் பிரிச்சா ரெண்டு பேர் படுக்கலாமான்னு கேட்டாரு. எத்தனை கிலோ லோடு தாங்கும்னு வேற கேட்டாரு. லிஃப்ட்காரர் புத்தி போகுமா? வீட்ல சொல்லிடாதீங்க, தெரிஞ்சா அவ வரமாட்டேன்னு நின்னுடுவா, அங்க வந்து நானே சமாளிச்சுக்கிறேன்னாரு. சோபா என்ன, கட்டிலையே எடுத்துக்கங்க அண்ணேன்னேன்." அவர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேக்கறதுக்கு அவ்வளவு கூச்சப்பட்டாரும்மா. எதுக்குன்னுதான் எனக்குப் புரியல."

அவளுக்குப் புரிந்தது. எம்பொண்ணு எழுதிக் கொடுக்கச் சொன்னா, கொடுத்துட்டேன் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். அதைச் சொல்ல மனசில்லாமல், பொய் சொல்லத் தெரியாத மனிதர் ஒழுகாத சுவரை ஒழுக வைத்திருக்கிறார். எழுபத்திரண்டு வயதில் அடுத்தவர் ஹாலில் படுக்க இடம் கேட்டிருக்கிறார். கணீரென்று ஒரு பெயர் கேட்டது. அப்பாவின் பெயரைத்தான் கூப்பிட்டார்கள்.

வீடு திரும்பிக் குளித்து முடிக்கும்போது ஐந்து மணி. அக்கம்பக்கத்தார் கிளம்பிப் போயிருந்தார்கள். டீச்சர் சமையலறையில் புகுந்து எல்லாருக்கும் காபி போட்டார். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று ஒருவரையும் கேட்கவில்லை, திறந்து திறந்து பார்த்துக்கொண்டார். கூடத்தில் அப்பாவின் நாற்காலியை விட்டுவிட்டு மற்ற இடங்களில் எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

கண்ணாடிக்காரர் மனைவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "அக்கா, நான் கேக்கறது தப்புன்னா திட்டிடுங்க. சனிக்கிழமை எங்களோட வாங்களேன். இருபது வருஷமா பேசினாலும் கூட்டினா நூத்திநாப்பது நாள்தான் ஒண்ணா இருந்திருக்கோம். ஆனா எங்கூடப் பொறந்தவகூட எங்கிட்ட அவ்வளவு பேசினதில்ல. அங்க வந்து ஒரு வாரம் அழுங்க. மழைச் சத்தத்துல யாருக்கும் கேக்காது."

அத்தைக்குக் காபி புரையேறியது. "நல்லாயிருக்கே! நேத்து போன மனுஷன், நாளன்னிக்கு இவங்க உல்லாசப் பயணம் போகணுமா? அண்ணி, நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

அம்மா அத்தையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வரேன்" என்றாள். "அவர் இல்லாட்டியும் ரூம் நம்மளுதுதானே. இன்னும் பதிமூணு வருஷம் இருக்கு."

இதைத்தான் காலையிலிருந்து அவள் பயந்துகொண்டிருந்தாள். இப்போது பேசாமல் இருந்துவிடலாம். ரிப்பேர் என்றே விட்டுவிடலாம், அப்பா போட்டுக் கொடுத்த பொய் தயாராக இருக்கிறது, கண்ணாடிக்காரரே சாட்சி சொல்லுவார். ஒரு வருஷம் தள்ளும். அப்பா பேரில் இன்னொரு வருஷமும் தள்ளலாம். அவர் அதைத்தான் விரும்பியிருப்பார். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது, அந்தப் பொய்க்குள் போய் ஒளிந்துகொள்ள அவளால் முடியவில்லை.

"ரூம் இல்லம்மா."

"என்ன இல்ல?"

"அந்த வாரம் இப்ப நம்மளுது இல்ல. மே மாசம் எழுதிக் கொடுத்தாச்சு. நான்தான் ஃபாரம் கொண்டுவந்தேன். அப்பா கையெழுத்துப் போட்டாரு."

கண்ணாடிக்காரர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். அத்தை என்னவோ சொல்ல வாயெடுத்தாள், டீச்சர் பார்த்த பார்வையில் அடங்கினாள்.

அம்மா நிதானமாகக் கேட்டாள், "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

"போட்ட பணத்துக்காகத்தான் போறீங்கன்னு நினைச்சேன். உங்களுக்கே அது கழுத்தறுப்பா இருக்கும்னு நினைச்சேன். நீங்க போனப்புறம் என் தலையில விழும்னு சொன்னேம்மா அப்பாகிட்ட. அப்படியே சொன்னேன்."

"அதுக்கு அவர் என்ன சொன்னாரு?"

"அதுவும் சரிதான்னாரு."

"சொல்லியிருப்பாரு. நீ வந்து கேட்டு நாங்க எதை இல்லைன்னு சொன்னோம்? எங்கிட்ட கேட்டிருந்தா நானும் போட்டிருப்பேன் கையெழுத்து. ஆனா கேட்டிருக்கணும். வருஷம் பூரா இந்த வீட்டுக்கும் லிஃப்டுக்கும் ஓடின மனுஷன் எங்கூட உக்காந்து பேசினது அந்த ஏழு நாள்தான்டி. ரிடையர் ஆன பிறகும் அங்க போனாத்தான் அவருக்குப் பேச்சு வரும். அதை நீ ஒரு காகிதத்துல எழுதிக் கொடுத்துட்டே."

அவள் அழவில்லை. அழுதால் யாராவது சமாதானம் சொல்ல வந்துவிடுவார்கள், அதற்கு அவளுக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்தாள். மிச்சத்தையும் சொல்லிவிடவேண்டும் என்று பெஞ்சில் கேட்டதைச் சொன்னாள். சுவர் ஒழுகியது, சோபாவைப் பிரித்தால் இரண்டு பேர் படுக்கலாமா என்று கேட்டது, எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டது. கண்ணாடிக்காரர், "ஆமாம் அண்ணி" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சுவர் ஒழுகுதாமா?" என்றாள் அம்மா. "அந்தச் சுவர் பக்கத்துல மூணாம் வருஷம் ஒரு பூரான் வந்துது, அன்னையிலேந்து சுவரைத் தவிர வேற எதையுமே நான் பாத்ததில்ல. எங்கிட்டப் போய் ஒழுகுதுன்னு சொல்லிச் சமாளிச்சிருப்பாராமா?" சொல்லிக்கொண்டே வந்தவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகி, அழுகை நின்றபோது மறுபடியும் சிரிப்பு எட்டிப்பார்த்தது. "லோடு எவ்வளவு தாங்கும்னு கேட்டாராமே."

கண்ணாடிக்காரர் மனைவி மூக்கை உறிஞ்சினாள். "தாராளமாத் தாங்கும் அக்கா. அந்தச் சோபாவுல எங்க வீட்டுக்காரரே படுத்திருக்காரு."

"ரெண்டு பேர் படுக்கிற மாதிரி விரியுமா?"

"விரியும். ஆனா நடுவுல ஒரு கம்பி முதுகுல குத்தும்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினாள். கோபம் அந்த முகத்தில் இன்னும் இருந்தது. இரண்டு நாளில் போகிற கோபமாகத் தெரியவில்லை.

"நான் சோபாவுல படுத்துக்கிறேன். நீ தரையில படுத்துப்பியா?"

அவளுக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை. விளங்கியதும், "படுத்துக்கிறேன்" என்றாள். குரல் வெளியே வந்ததா என்று சந்தேகமாக இருந்ததால் இன்னொரு தடவை சொன்னாள்.

"துணி காயாதுன்னு முனகக்கூடாது."

"முனக மாட்டேன்."

"ஆபீசுக்கு லீவு சொல்லிடு. ஒரு வாரம்."

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி, இந்தச் சின்னப் பொண்ணு சொல்றா, நீங்களும்..." என்று ஆரம்பித்தவள், முப்பத்தாறு வயதுக்காரியைச் சின்னப் பொண்ணு என்று சொல்லிவிட்டோமே என்று தானே நிறுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "வீட்டுச் சாவியை எங்கிட்ட கொடுத்துட்டுப் போங்க, செடிக்குத் தண்ணி யாரு ஊத்தறது?" என்றாள். டீச்சர் அவளுக்கு இன்னொரு காபி கொண்டுவந்து கொடுத்தார்.

"போர்வை எடு" என்று அம்மா எழுந்தாள். "ரெண்டு எடு. அங்க தரை ஜில்லுனு இருக்கும்."

போர்வைகள் படுக்கையறைப் பரண்மேல் இருந்தன. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். ஒரு கால் குட்டையான பழைய ஸ்டூல், இரண்டு பக்கமும் ஆடியது. கையை எட்டி வைத்துத் துழாவினாள். பாத்திரம், பழைய விசிறி, ஏதோ அட்டைப் பெட்டி, அதற்குப் பின்னால் கம்பளிப் போர்வையின் ஓரம் விரலில் தட்டுப்பட்டது. இழுத்தாள், வரவில்லை. நுனிக்காலில் எழும்பி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

ஸ்டூலின் ஆட்டம் நின்றது. கீழே பார்த்தாள். அம்மா தரையில் உட்கார்ந்து, ஸ்டூலின் கால்களை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.